வேறொரு பூட்டின் சாவி

அத்தியாயம் 8

"போட மாட்டேன்" என்றார் பல் டாக்டரம்மா.

அவர் கையில் ஊசி இருந்தது. நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த நோயாளி அதைத் தனக்கான நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். ஆனால் டாக்டர் பேசியது வாசலில் நின்றவரிடம். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மதிப்பீட்டாளர் ஒரு கையில் காகிதமும் மறு கையில் கைக்குட்டையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"நிதானமா யோசிங்க மேடம்." குரல் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து வந்தது. "கிளெய்மை வாபஸ் வாங்கறேன்னு ஒரு கையெழுத்து. இன்னிக்கே ஃபைலை மூடிடலாம். இல்லேன்னா நாளைக்குக் கம்பெனி போலீஸ்ல எழுதிக் கொடுக்கும். வாசல் பூட்டு உடையல. ஜன்னல் உடையல. சாவி ரெண்டே பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு நீங்க, இன்னொண்ணு உங்க மருமகன். கம்பெனி என்ன நினைக்கும், சொல்லுங்க?"

"கம்பெனி நினைக்கிறதுக்கெல்லாம் நான் மருந்து வெச்சிருக்கல. சாயங்காலம் வாங்க. அப்பவும் இதையேதான் சொல்லுவேன்."

மதிப்பீட்டாளர் போனார். டாக்டர் ஊசியைப் போட்டார். நோயாளி துரோகத்துக்கு ஆளானவர் போல ஏதோ முனகினார்.

வெளியே பெஞ்சில், திருட்டு விஷயமாக டாக்டர் வரச்சொன்ன, பல்வலி இல்லாத இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி ஐம்பதைத் தொட்டவள், துப்பறிவது தொழில். அவள் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு உள்ளங்கையில் எழுதிவிடலாம். எழுதிவிட்டால் அழிக்க முடியாது. அதனால் அவளுக்குக் கல்வெட்டு என்று பெயர் வந்தது. பக்கத்தில் இருந்தவன் அவளுடைய உதவியாளன். ஒரு காலத்தில் அவனும் பாலிசி விற்கப் போனவன்தான். எல்லா நிபந்தனைகளையும் வாடிக்கையாளருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பேனாவை நீட்டுவான். ஒரு பாலிசிகூட விற்கவில்லை. அவனை ரேடியோ என்று கூப்பிட்டார்கள். அணைக்கும் பொத்தான் எங்கே என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"அக்கா," என்றான் ரேடியோ, "எனக்கு ஒரு சந்தேகம். பல் டாக்டர் வீட்டுக்கு வந்தா எல்லாருக்கும் ஏன் வாயை மூடணும்னு தோணுது? அந்த கம்பெனிக்காரர் கைக்குட்டையை எடுக்கவே இல்ல பாருங்க. எனக்கும் கூசுது. நாலு வருஷமா ஒரு கடவாய்ப் பல்லு..."

கல்வெட்டு அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடினான்.

கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறியதும் டாக்டர் கையுறையைக் கழற்றினார். "மேலே வாங்க" என்றார்.

மாடி அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் நாதாங்கி மட்டும்தான் இருந்தது. பூட்டு இல்லை. உள்ளே சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரி நின்றது. அதில் வரிசை வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பழைய பூட்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் கீழே சின்ன ஆணியில் ஒரு சாவி. மீன் வடிவப் பூட்டு, பீப்பாய்ப் பூட்டு, மூன்று சாவித்துளை உள்ள பூட்டு. நட்ட நடுவில் குழந்தையின் தலையளவுக்குச் சிங்க முகப் பித்தளைப் பூட்டு ஒன்று பளபளத்தது. இடையிடையே ஒன்பது கொக்கிகள் காலியாக இருந்தன, பல் பிடுங்கிய ஈறு போல.

"வீடு பூரா பூட்டு," என்றான் ரேடியோ. "திருடன் கதவைத் திறந்துகிட்டு வந்திருக்கான். இந்த ரூமுக்கு ஒரு பூட்டு போட்டிருக்கலாமே டாக்டர்?"

"இதுங்கள்ல ஒண்ணை எடுத்து வேலைக்கு அனுப்பச் சொல்றீங்களா தம்பி? இதுங்களுக்கெல்லாம் ஓய்வு வயசு." டாக்டர் கண்ணாடியில் பட்டிருந்த ஒரு விரல் தடத்தைத் துடைத்தார். "நான் நாள் முழுக்க வாயைத் திற, வாயைத் திறன்னு கத்தறவ. சாயங்காலமானா திறக்காத எதையாவது பார்க்கணும் போல இருக்கும். அப்படித்தான் சேர ஆரம்பிச்சுது. சேர்ந்தப்புறம் பயம் வந்துது. பாலிசி எடுத்தேன். பாலிசி எடுத்தப்புறம்தான் திருடு போச்சு."

ஜன்னல் கம்பியில் சாய்ந்து நின்ற இளைஞன் திரும்பினான். அவன்தான் மருமகன். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவன். தோள் அகலம். வாயைத் திறந்தால் வரிசை தப்பாத வெள்ளைப் பற்கள்.

"அத்தை, கையெழுத்து போட்டுடுங்களேன். போலீஸ்ல என் பேர் வந்தா அடுத்த நாளே பள்ளிக்கூடத்துல வராதேன்னுடுவாங்க. பிள்ளைங்களை நம்பி அனுப்பற வேலை இது."

"போட்டா என்ன அர்த்தம் மாப்பிள்ளை? நீ திருடன்னு நானே எழுதிக் கொடுத்த அர்த்தம். அதை ஃபைல்ல வெச்சு மூடுவாங்க. மூடின ஃபைலை யாரு மறுபடி திறப்பா? பூட்டு போனா போகட்டும். உன் பேரை நான் கொடுக்க மாட்டேன். அவங்க கேட்டாலும் கொடுக்க மாட்டேன், நீ கேட்டாலும் கொடுக்க மாட்டேன்."

மருமகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரேடியோ அவனிடம் மெல்லச் சொன்னான்: "என் மாமியார் என் பேரைச் சொல்லிக்கூட கூப்பிட மாட்டாங்க பிரதர். நீங்க கொடுத்து வெச்சவர்."

கல்வெட்டு இதற்குள் அலமாரி முன்னால் போய் நின்றுவிட்டாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். சாமான்கள் எதையாவது சொல்லும், நாம் வாயை மூடினால்தான் சொல்லும் என்பது அவள் நம்பிக்கை. கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"சிங்கத்தை விட்டுட்டான்" என்றாள்.

"அது வெறும் தோரணைக்கு," என்றார் டாக்டர். "போன வருஷம் வார்த்தது. போனதெல்லாம் கறுத்து, உப்புப்போட்ட கருவாடு மாதிரி கிடந்ததுங்க. ஆனா அதுங்கதான் விலை. அதுலயும் ஒண்ணு... உள்ளங்கை அளவு இரும்புப் பூட்டு. பார்த்தா குப்பையில போடுவீங்க. மத்ததெல்லாம் ஊமை, அது மட்டும் வாயாடி."

"எனக்குச் சொந்தக்காரனா இருக்கும்" என்றான் ரேடியோ.

"விலை தெரிஞ்ச ஆள்," என்றாள் கல்வெட்டு. "வாசல் பூட்டு?"

"அது என்னுது இல்ல!" டாக்டரின் குரல் உயர்ந்தது. "வீட்ல வெச்சிருக்கிற சேகரிப்புக்குப் பாலிசி வேணும்னா வாசல்ல கம்பெனி ஒத்துக்கிட்ட பூட்டுதான் இருக்கணும்னு ஒரு நிபந்தனை. எனக்கு! பூட்டுல நான் பார்க்காததா? மதிப்பு போட வந்த அன்னிக்கு, இப்ப வந்துட்டுப் போனாரே, அந்த ஆளே வாங்கிட்டு வந்து, ஆளை வெச்சு மாட்டிட்டு, ரெண்டு சாவியைக் கையில கொடுத்தார்."

கல்வெட்டு தலையாட்டினாள். காலியான கொக்கிகளுக்குக் கீழே இருந்த காலி ஆணிகளைப் பார்த்தாள்.

"சாவியும் போச்சா?"

"போச்சு. கீழே மாட்டியிருந்த ஒன்பதும்."

"அந்தந்தப் பூட்டோட சாவிதானா?"

அதுவரை எதற்கும் சளைக்காத பல் டாக்டர் முதல் முறையாகத் தடுமாறினார். மருமகனைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஏதோ தப்புத்தண்டாவை ஒப்புக்கொள்பவர் போலக் குரலைத் தணித்தார்.

"இல்ல."

"என்னது?" என்றான் மருமகன்.

"எல்லாம் மாத்தி மாட்டினது. பூட்டையும் அதோட சாவியையும் ஒரே இடத்துல வெச்சா அப்புறம் அது என்ன பூட்டு? இங்க ஒரு சாவிகூட மேல இருக்கிற பூட்டோடது இல்ல. எது எதுக்குன்னு என் தலைக்குள்ள இருக்கு. உங்க மாமா இருந்தவரைக்கும் அவருக்கே சொன்னதில்ல. போன ஒன்பது பூட்டோட நிஜ சாவியெல்லாம் இதோ, இங்கதான், வேற பூட்டுங்களுக்குக் கீழே தொங்குது."

ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டான். "கம்பெனிகிட்ட இதைச் சொல்லலையா?"

"ஒன்பது சாவியும் காணோமான்னு கேட்டாங்க. காணோம்னேன். பொய்யா?"

"டாக்டர், நான் பாலிசி வித்த காலத்துல உங்களை மாதிரி ஒரு வாடிக்கையாளர் கிடைச்சிருந்தா வேலையை நானே விட்டிருப்பேன்."

கல்வெட்டின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. அவளைத் தெரிந்தவர்கள் அதைச் சிரிப்பு என்பார்கள்.

"அவன்கிட்ட ஒன்பது பூட்டு, ஒன்பது தப்பு சாவி," என்றாள். "முதல்ல என்ன நினைப்பான்?"

"துரு பிடிச்சிருக்குன்னு" என்றான் ரேடியோ.

"அப்புறம்?"

"எண்ணெய் விடுவான். ஆட்டிப் பார்ப்பான். கெட்ட வார்த்தை சொல்லுவான். அப்புறம்... அக்கா! சாவிக்காரர்கிட்ட போவான்!"

"பழைய பூட்டைத் தொடறவர் இந்தப் பக்கத்துல ஒருத்தர்தான்," என்றார் டாக்டர். "கடைத்தெரு கோடியில. மேல் வரிசைப் பல்லு நான்தான் கட்டிக் கொடுத்தேன். நான் அனுப்பினேன்னு சொல்லுங்க. கடினமா எதையும் கடிக்க வேணாம்னும் சொல்லுங்க."

*

சாவிக்காரரின் கடை ஒரு ஆள் நிற்கும் அகலம்தான். பின்சுவரில் வெட்டாத சாவிகளும், பெட்டியோடு புதுப் பூட்டுகளும் தொங்கின. அவர் அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தார். டாக்டர் பெயரைச் சொன்னதும் கட்டின பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

"பழைய பூட்டு ஒண்ணை யாராவது கொண்டு வந்தாங்களா அண்ணே?" என்றான் ரேடியோ. "இரும்பு, உள்ளங்கை அளவு, பார்த்தா குப்பை."

"ஏன் வராம? நாலஞ்சு நாளாகுது. பூட்டு ஒண்ணு, சாவி ஒண்ணு. ஏழு ஜென்மத்துக்கும் சேராத ஜோடி! சார், இது இதோட சாவியே இல்லன்னேன். அவர் மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. கல்யாண மண்டபத்துல பொண்ணு மாறிப்போன மாதிரி ஆயிட்டார். புது சாவி பண்ணித் தரவான்னேன். வேணாம், புதுசு போட்டா பழைய பூட்டோட மதிப்பு போயிடும்னுட்டார். விஷயம் தெரிஞ்ச ஆளுதான்."

"யாரு அண்ணே அவரு?"

"அதை நானும் கேட்டேன். டாக்டரம்மா பூட்டு மாதிரி இருக்கேன்னேன். ஆமாம், நான் அவங்க மருமகன்தான்னார்."

ரேடியோ அணைந்துபோனான். அந்தக் கடைக்குள் அரம் ராவும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கல்வெட்டின் பக்கம் திரும்பி, தோற்றவனின் குரலில் சொன்னான்: "அக்கா, அந்தம்மா உயிரைக் கொடுத்து அவனுக்காகப் பேசறாங்க. இதைப் போய் எப்படி..."

கல்வெட்டு சுவரில் தொங்கிய பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சாவிக்காரருக்கே சங்கடமாகி, ராவுவதை நிறுத்திவிட்டார்.

"ஆள் எப்படி இருந்தார்?" என்றாள்.

"நல்ல டிரெஸ். நடுவயசு. பாவம், அவருக்கு முன்பல்லுக்குப் பக்கத்துல ஒரு பெரிய பொத்தல், கறுத்துப் போயி. எனக்கு மனசு அடிச்சுக்கிச்சு. பல் டாக்டர் வீட்டு மருமகனுக்கே இந்தக் கதியா! கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துது. சரி, மாமியார் மருமகனுக்குள்ள ஏதோ மனஸ்தாபம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்தான். "நம்ம மாப்பிள்ளைக்குப் பொத்தலா? அவர் சிரிச்சா கண்ணு கூசுது அண்ணே! நடுவயசும் இல்ல. அப்ப வேற எவனோ... யாரா இருக்கும் அக்கா? நடுவயசு, நல்ல டிரெஸ், பூட்டோட மதிப்பு தெரிஞ்சவன், பல்லைக் காட்டாதவன்..."

கல்வெட்டு தன் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். மெல்ல மடித்து, வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

ரேடியோவின் வாய் திறந்தபடி நின்றது. கடவாய்ப் பல்லின் பொத்தல்கூடத் தெரிந்தது.

அவள் கைக்குட்டையை இறக்கி, சுவரில் ஒரு பெட்டியைக் காட்டினாள். டாக்டர் வீட்டு வாசலில் இருந்த அதே கம்பெனிப் பூட்டு.

"இதுல எத்தனை சாவி வரும்?"

சாவிக்காரர் பெட்டியை எடுத்துக் குலுக்கினார். "மூணு. எப்பவும் மூணுதான்."

*

"அவர்கிட்ட நேரா போய்க் கேட்டுடலாம்" என்றான் மருமகன். முஷ்டி மடங்கியிருந்தது.

"பொத்தல் பல்லுக்காக ஒருத்தரை உள்ள தள்ள முடியாது பிரதர்," என்றான் ரேடியோ. "முடிஞ்சா ஊர்ல பாதிப் பேர் உள்ளதான் இருப்பாங்க, நான் உட்பட. மூணாவது சாவியை ஆத்துல போட்டேன்பார். சாவிக்கடைக்கு வந்ததே நான் இல்லேன்பார்."

அவர்கள் மூவரும் டாக்டரும் மாடி அறையில் இருந்தார்கள். கல்வெட்டு டாக்டரின் காதோரம் குனிந்து ஏதோ கேட்டாள். டாக்டர் பதிலை அவள் காதுக்குள்ளேயே சொன்னார். பிறகு இருவரும் இரும்புப் பூட்டு தொங்கிய காலிக் கொக்கியைப் பார்த்தார்கள்.

"கம்பெனிக்கு இதைச் சொல்லலையா?" என்றாள் கல்வெட்டு.

"சொன்னா காட்டுங்கன்னுவார். காட்டினா நிஜ சாவி எதுன்னு தெரிஞ்சிடும். குறைச்சு மதிப்பு போட்டாலும் பரவாயில்லன்னு இருந்துட்டேன்."

"அவருக்குப் போன் பண்ணுங்க" என்றாள் கல்வெட்டு. என்ன பேச வேண்டும் என்பதை நாலே வார்த்தையில் சொன்னாள்.

டாக்டர் போனை மேஜைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்தினார்.

"சார், கையெழுத்து போடறேன். வாங்க."

"நல்ல முடிவு மேடம்!"

"போட்டதும் மிச்சப் பூட்டையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்கு அள்ளிக் கொடுத்துடப் போறேன். இதுங்க மூஞ்சியிலேயே முழிக்கப் பிடிக்கல. வாசல்ல வண்டி நிக்குது."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"பூட்டைக் கொடுத்துடுங்க மேடம். தாராளமா கொடுங்க. சாவியை மட்டும்... சாவியை மட்டும் எடுத்து வைங்க. நான் வந்து ஒரு பார்வை பார்த்துக்கறேன். ஃபைலுக்கு."

"சாவியா? ஒன்பது சாவியும் பூட்டோடயே போயிடுச்சுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அது... மிச்ச சாவி மேடம். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு. இதோ கிளம்பிட்டேன்."

போன் ஓய்ந்தது.

"பூட்டை விட்டுட்டுச் சாவியைக் கேக்கற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்," என்றான் ரேடியோ. "கீழே தொங்கறது நிஜ சாவி இல்லேன்னு டாக்டருக்குத் தெரியும். இப்ப நமக்குத் தெரியும். வேற ஒருத்தனுக்குத் தெரிஞ்சா, அவன் போட்டுத் திருப்பிப் பார்த்தவன். ஆனா அக்கா, பூட்டையும் கொண்டு வருவானா?"

"தெரியாது" என்றாள் கல்வெட்டு. அந்த நாளில் அவள் சொன்ன எல்லாவற்றிலும் அதுதான் மிக நேர்மையான வார்த்தை.

*

மதிப்பீட்டாளர் வந்தார். இந்த முறை கைக்குட்டையோடு ஒரு தோல் பையும் இருந்தது. பச்சைக் குழந்தையை ஏந்துவது போல அதை மார்போடு அணைத்திருந்தார்.

அலமாரியில் மிச்சம் இருந்த சாவிகள் எல்லாம் இப்போது ஒரு தாம்பாளத்தில் குவிந்து கிடந்தன. பக்கத்தில் வாபஸ் காகிதமும் பேனாவும்.

"எல்லாத்தையும் தர மனசு வரல சார்," என்றார் டாக்டர். "ஃபைலுக்குத்தானே? உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை எடுத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு. வண்டிக்காரன் காத்திருக்கான்."

அவர் பார்வை தாம்பாளத்தில் விழுந்து, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அலைந்தது. குவியலில் ஒன்றைப் போலவே பத்து இருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ அலறினார்கள். கழுத்தை அறுத்தாற்போல ஒரு குரல்: "டாக்டர்! ஐயோ, பல்லு! செத்தேன்!"

"அவசரக் கேஸ்," என்றார் டாக்டர். "நிதானமா பாருங்க சார். அஞ்சு நிமிஷத்துல வந்து கையெழுத்து போடறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். மாடிப்படியில் கல்வெட்டும் மருமகனும் நின்றிருந்தார்கள். கீழ்ப்படியில் ரேடியோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக ஒரு தரம் அலறிவிட்டு நிறுத்தினான். மதிப்பீட்டாளர் மேலே ஏறியபின் வந்து சேர்ந்த சாவிக்காரர் சிகிச்சை அறை பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்வெட்டு உதட்டில் விரல் வைத்தாள்.

பேச்சு நின்றது. வீட்டின் மற்ற ஓசைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எங்கோ குழாய் சொட்டியது. மருமகனின் மூச்சு கேட்டது. அறைக்குள் நாற்காலி நகர்ந்தது. சாவிகள் உரசின. பிறகு அதுவும் இல்லை. டாக்டர் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்திருந்தார். இந்த மௌனம் இப்படியே நீண்டு முடிந்துபோனால், அவர் உள்ளே போய் அந்தக் காகிதத்தைக் கிழிக்க வேண்டும். நாளைக் காலை மருமகன் பெயர் போலீஸ் நிலையத்தில் இருக்கும்.

மருமகன் வாயசைத்தான்: "அத்தை, விட்டுடலாம்."

அவர் தலையை ஆட்டினார். முடியாது.

அப்போது அறைக்குள்ளிருந்து அது கேட்டது.

*ணிங்.*

மெல்லிய, தெளிவான மணி ஓசை.

*ணிங்.*

"என் பூட்டு" என்றார் டாக்டர். குரலே எழவில்லை. "சாவியைச் சுத்தச் சுத்த உள்ள மணி அடிக்கும். நிஜ சாவிக்கு மட்டும்தான் அடிக்கும். மூணாவது சுத்துல திறக்கும்."

*ணிங்.*

"திறந்துட்டான்."

கல்வெட்டு கதவைத் தள்ளினாள். மதிப்பீட்டாளர் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். ஒரு கையில் திறந்த இரும்புப் பூட்டு, இன்னொரு கையில் சாவி. கைக்குட்டை தரையில் கிடந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. முன்பல்லுக்குப் பக்கத்தில், கறுத்த பொத்தல்.

"வணக்கம் மாப்பிள்ளை!" என்றான் ரேடியோ.

ஆனால் அந்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு கணத்தில் வாயை மூடி, முகத்தைச் சரிசெய்துகொண்டார். பூட்டை உயரத் தூக்கிக் காட்டினார்.

"பார்த்தீங்களா? சாவிக் குவியலுக்கு அடியில இருந்து எடுத்தேன். காணாம போன பூட்டு உங்க வீட்டுக்குள்ளேயே இருக்கு! ஒளிச்சு வெச்சுட்டுக் கிளெய்மா? இப்ப வாபஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். கம்பெனிக்கு நானே சாட்சி!"

கல்வெட்டு நாற்காலிமேல் இருந்த தோல் பையைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் பார்ப்பதை ரேடியோ பார்த்தான். மதிப்பீட்டாளரும் பார்த்தார். ஆனால் ரேடியோ பக்கத்தில் இருந்தான்.

அவன் பையைத் தூக்கினான். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. "அம்மாடி! என்ன சார், ஃபைல் இவ்வளவு கனம்?"

கவிழ்த்தான். பழைய துணியில் சுற்றிய பொட்டலங்கள் மேஜையில் உருண்டன. எந்தச் சாவி கையில் கிடைக்கும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். எட்டுப் பூட்டுகள், கறுத்து, கருவாடு போல. அவற்றோடு ஒன்பது தப்புச் சாவிகள்.

"இதுவும் குவியலுக்கு அடியிலதான் இருந்துச்சா?" என்றார் டாக்டர். கையை நீட்டினார். நோயாளியிடம் துப்பச் சொல்லும்போது வரும் அதே குரல்: "கொடுங்க."

கொடுத்துவிட்டார்.

"கீழே சாவிக்காரர் உட்கார்ந்திருக்கார்," என்றாள் கல்வெட்டு. "உங்க பல்லைப் பத்தி ரொம்பக் கவலைப்பட்டார். போலீஸுக்குச் சொல்லியாச்சு, வந்துகிட்டிருக்காங்க."

மதிப்பீட்டாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட நாற்காலி அவரைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம். எல்லோரும் பூட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். டாக்டர் கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கியை மாட்டினார். இரும்புப் பூட்டை அதில் கோர்த்துச் சாவியைத் திருப்பினார்.

*ணிங். ணிங். ணிங்.*

"ஓய்வு வயசுன்னீங்களே டாக்டர்?" என்றான் ரேடியோ.

"ஒரு நாள் வேலை பார்க்கட்டும். மாப்பிள்ளை, அந்த வாபஸ் காகிதம் உன் கையிலயா இருக்கு? பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு? எழுது. ஒன்பது பூட்டும் கிடைச்சிடுச்சு. திருடனும் கிடைச்சுட்டான், அவன் உங்க ஆள். பாலிசி தொடரும். வாசல் பூட்டை நான்தான் முடிவு பண்ணுவேன். இந்தத் தடவை மணிக்கும் சேர்த்து மதிப்பு போடணும்."

மருமகன் எழுதினான். "அத்தை, என் பேரு?"

"எதுக்கு? உன் பேரை நான் யாருக்கும் கொடுக்கறதா இல்லன்னு சொன்னேனே." பேனாவை வாங்கி, கீழே தன் கையெழுத்தை மட்டும் போட்டார்.

கீழே இறங்கியதும் மருந்து அலமாரி முன்னால் ஒரு கணம் நின்றார். அதன் பூட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அதில் ஏற்கெனவே தொங்கிய சாவியை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாடி அலமாரியில் செய்வது போலவே, மணிப் பூட்டின் சாவியை அந்த ஆணியில் மாட்டினார்.

தெருவில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான் ரேடியோ, "போலீஸ் வந்து மாடி ரூம் சாவி எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

கல்வெட்டு ஆணியில் தொங்கிய அந்தச் சாவியைப் பார்த்தாள்.

"கேட்கட்டும்" என்றாள்.